ரீபில்டபிள் டாங்குக்கு எந்தத் திரி? மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் தெரிந்தவை

வேப் என்கிற மின்சிகரெட்டில், லிக்விடைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பிச் சுருளையும் (காயில்), அதற்கு லிக்விடைக் கொண்டுவருகிற பஞ்சுத் திரியையும் நாமே போட்டுக்கொள்கிற டாங்குக்குத்தான் ரீபில்டபிள் டாங்க் என்று பெயர். அதை வைத்திருப்பவர்கள் காயிலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எந்தக் கம்பி, எத்தனை சுற்று, எத்தனை ஓம் என்று எல்லாம் விரல் நுனியில் இருக்கும். திரியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பஞ்சுதானே, ஏதோ ஒன்று போடுவேன்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இது ஆறவே ஆறாது. ருசி போகிறது, தொண்டை எரிகிறது, டாங்க் ஒழுகுகிறது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை காயிலால் வருவதில்லை, திரியால் வருகின்றன. அந்தத் திரியையும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற பாக்கெட்டை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நீங்கள் ஊற்றுகிற லிக்விட் எவ்வளவு கெட்டி, உங்கள் டாங்கில் லிக்விட் உள்ளே வருகிற வழி எவ்வளவு அகலம், இந்த இரண்டையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் லண்டனில் இருக்கிறேன். ஊரில் இருந்த காலத்தில் கோல்ட் ஃப்ளேக் கிங்ஸ் பிடித்தவன். இங்கே வந்து வேப்புக்கு மாறிய பிறகு சிகரெட்டைத் தொடவில்லை. இதை எழுதுவதும் என்னைப் போல சிகரெட்டை விட்டு வந்தவர்களுக்காகத்தான். புகைப் பழக்கமே இல்லாதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். நிகோட்டின் விடாது பிடிக்கிற சரக்கு. சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்றுதான் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சொல்கிறதே தவிர, கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை.

என்னிடம் புழக்கத்தில் இருப்பவை இரண்டு டாங்குகள். ஒன்று இன்னோக்கின் ஏரிஸ், சிகரெட் மாதிரி வாயில் இழுத்து நிறுத்தி அப்புறம் உள்ளே விடுகிற வகை. அதில் 28 கேஜ் காந்தல் (Kanthal, சூடேற்றுவதற்கான உலோகக் கலவை) கம்பியை 2.5 மி.மீ. குச்சியில் 6 சுற்று சுற்றி, ஏறக்குறைய 1 ஓமில், 13 வாட்டில் இழுக்கிறேன். லிக்விட் பாதிக்குப் பாதி பி.ஜி. (புரோப்பிலீன் கிளைகால், இளகினது), வி.ஜி. (தாவரக் கிளிசரின், கெட்டியானது). இன்னொன்று கீக்வேப் ஜீயஸ் எக்ஸ், நேராக நெஞ்சுக்கு இழுக்கிற இரட்டைக் காயில் டாங்க். அதில் 70 சதவீதம் வி.ஜி. உள்ள கெட்டி லிக்விட். இரண்டும் இரண்டு துருவம் என்பதால், ஒரே பஞ்சு ஒன்றில் நன்றாக நடந்து மற்றதில் சொதப்புவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

முதலில் திரிக்கு என்ன வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அகல் விளக்கில் எண்ணெய் திரி வழியாக மேலேறுகிற அதே சங்கதிதான். இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் லிக்விட் தானாக ஏறிக் காயிலுக்குப் போகிறது. பி.ஜி. 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், வி.ஜி. 290 டிகிரியில். காயிலைச் சுற்றி ஈரம் இருக்கிறவரை சூடு அந்தக் கொதிநிலையை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் ஏறுகிற வெப்பமெல்லாம் லிக்விடை ஆவியாக்குவதிலேயே போய்விடும். ஈரம் தீர்ந்த கணமே சூடு கிடுகிடுவென்று ஏறும், பஞ்சு கருகும், மிச்சமிருக்கிற வி.ஜி. சிதைந்து அக்ரோலின் மாதிரி தொண்டையைக் குத்துகிற சரக்குகள் வரும். ட்ரை ஹிட் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே திரி எவ்வளவு வேகமாக லிக்விடைக் கொண்டுவருகிறது என்பது ருசியோடு முடிகிற விஷயம் இல்லை, நுரையீரலையும் தொடுகிற விஷயம்.

இப்போது பஞ்சுக்கு வருகிறேன். பச்சைப் பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் உண்டு. அதனால் அது தண்ணீரில் மிதக்கும், நனையாது. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை எடுத்த பிறகுதான் பஞ்சு உறிஞ்சத் தொடங்கும். பாக்கெட்டில் "ஆர்கானிக்" என்று பெரிதாகப் போட்டிருப்பது பருத்தியை எப்படிப் பயிரிட்டார்கள் என்பதைச் சொல்கிறதே ஒழிய, மெழுகை எவ்வளவு சுத்தமாக எடுத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகைப் பஞ்சை அழுத்தாமல் மேலே வைத்துவிடுங்கள். மருத்துவப் பஞ்சு 10 விநாடிக்குள் முழுகிவிட வேண்டும் என்று ஐரோப்பிய மருந்தியல் தரநூல் வைத்திருக்கிறது. நல்ல வேப் பஞ்சும் அப்படியே முழுகுகிறது. பெயர் தெரியாத மலிவுப் பஞ்சு ஒன்றை வைத்தேன். ஓரம் மட்டும் லேசாக நனைந்து, நடுப்பகுதி வெள்ளையாக உப்பிக்கொண்டு நெடுநேரம் மிதந்தது. அதைக் காயிலில் போட்டால் முதல் நிரப்பல் முழுக்க ஒரு காகித வாடை வரும். சிலர் இதற்காகப் பஞ்சைக் கொதிக்க வைத்து உலர்த்துவார்கள். வெந்நீருக்கு மெழுகு முழுக்கப் போகாது. நல்ல பஞ்சை வாங்கிவிட்டால் அந்த வேலையே இல்லை.

பருத்தியில் எனக்கு இன்றைக்கும் மனதுக்குப் பிடித்தது ஜப்பானியச் சதுரப் பஞ்சுதான். முகம் துடைக்க விற்கிற மூஜி, கோ கென் டோ போன்ற பேட்கள். இவை அடுக்கடுக்காக இருக்கும். மேலும் கீழும் உள்ள தோலை நகத்தால் உரித்து எடுத்துவிட வேண்டும், அது அழுத்தி இறுக்கிய பகுதி, லிக்விடைத் தடுக்கும். உரித்த பிறகு இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அந்தத் திசையிலேயே நீளவாக்கில் வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு இழையும் பாதியில் அறுந்து நிற்கும், லிக்விடுக்குத் தொடர்ந்து ஓட வழி இருக்காது. 2.5 மி.மீ. காயிலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் போதும். ஒரு நுனியை எச்சில் படாமல் விரலால் முறுக்கி ஊசிபோல ஆக்கி உள்ளே விட்டு இழுங்கள். ஏரிஸில் பாதிக்குப் பாதி லிக்விடோடு இந்தப் பஞ்சு தருகிற ருசி தெளிவாக இருக்கிறது. புகையிலை வகை லிக்விடில் அந்த லேசான கசப்புகூட மழுங்காமல் வருகிறது.

விக் அண்ட் வேப் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காட்டன் பேக்கன் இன்னொரு நல்ல சரக்கு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பன்றிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பட்டை பட்டையாக வெட்டி வருவதால் அந்தப் பெயர். 10 கிராம் பையில் வருகிறது. தோல் உரிக்கிற வேலை இல்லை, இழைகள் ஒரே திசையில் இருக்கின்றன, போட்ட உடனேயே ருசி நேராகிவிடுகிறது. புதிதாக ரீபில்டபிள் பக்கம் வருகிறவருக்கு எதை வாங்கித் தரலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கையில் அள்ளினாலே அளவு பிடிபட்டுவிடும்.

ஷூ லேஸ் மாதிரி நுனியில் பிளாஸ்டிக் குப்பி போட்டு வருகிற பஞ்சும் இருக்கிறது. வோடோஃபோ உட்படப் பல நிறுவனங்கள் விற்கின்றன. 3 மி.மீ. காயிலுக்கு ஒன்று, கம்பிச் சுருளுக்குப் பதிலாகப் போடுகிற மெஷ் (வலை) தகட்டுக்கு 6 மி.மீ. என்று அளவு பார்த்து வாங்கலாம். மெஷ் தகடு போடுகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உதவி. தகட்டின் அடியில் பஞ்சு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டி உட்கார வேண்டும், எங்காவது இடைவெளி விட்டால் அந்த இடம் மட்டும் தீய்ந்துவிடும். 6 மி.மீ. உருளை அதைக் கச்சிதமாகச் செய்கிறது. ஆனால் சாதாரணக் கம்பிக் காயிலுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பஞ்சின் அடர்த்தியை நீங்கள் முடிவு செய்ய முடியாது, தொழிற்சாலையில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பாதிக்குப் பாதி லிக்விடுக்குச் சரியாக இருக்கிற அடர்த்தி கெட்டி லிக்விடுக்கு அடைத்துக்கொள்ளும்.

அப்புறம் ரேயான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் கெட்டி லிக்விட் ஊற்றுகிறவர்களில் பலர் இதை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். சலூன்களில் முடியைச் சுருட்டுகிற மருந்து போடும்போது, அது கண்ணில் வழியாமல் இருக்க நெற்றியைச் சுற்றி ஒரு பஞ்சுக் கயிறு வைப்பார்கள். கிரஹாம் நிறுவனத்தின் செல்லுகாட்டன் என்ற அந்தச் சரக்குதான் வேப்காரர்களிடம் பிரபலமான ரேயான். பெயரில் காட்டன் இருந்தாலும் அது முழுக்க ரேயான். மரக்கூழிலிருந்து செல்லுலோஸைக் கரைத்து, மெல்லிய துளைகள் வழியாக நூலாக இழுத்துச் செய்வது. தலைக்காகச் செய்த பொருளை நெஞ்சுக்கு இழுப்பதா என்று தயங்குகிறவர்கள் வேப்புக்கென்றே பேக் செய்த ரேயானைத் தேடி வாங்கலாம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

பருத்தி இழையை உருப்பெருக்கியில் பார்த்தால் நசுங்கி முறுக்கிய நாடா மாதிரி இருக்கும், நனைந்தால் உப்பும். ரேயான் இழை நேராக, பளபளப்பாக இருக்கும், என் அனுபவத்தில் காயிலுக்குள் பருத்தி அளவுக்கு உப்பி இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. போடுகிற முறை இதனால்தான் மாறுகிறது. பருத்தியைக் காயிலுக்குள் ஓரளவு தளர்வாக விட வேண்டும், நனைந்ததும் அதுவே இறுகிக்கொள்ளும். ரேயானை இறுக்கமாகவே போட வேண்டும். இழுக்கும்போது காயில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிற அளவுக்கு இருந்தால் சரி. பருத்திக் கணக்கில் தளர்வாகப் போட்டுவிட்டு "ரேயான் சரியில்லை, களகளவென்கிறது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, பருத்தி நனைந்தால் பலம் கூடும், ரேயான் நனைந்தால் பலம் குறையும். நனைந்த ரேயானைச் சாமணத்தால் இழுத்துச் சரிசெய்யப் போனால் பிய்ந்து கையோடு வரும். வாலை, அதாவது காயிலின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற திரியை, வெட்டி, பிரித்து, உட்கார வைக்கிற வேலையெல்லாம் லிக்விட் ஊற்றுமுன் முடிந்துவிட வேண்டும்.

ஜீயஸ் எக்ஸில், 70 சதவீத வி.ஜி.யோடு, 55 வாட்டுக்கு மேல் அடுத்தடுத்து இழுத்தாலும் ரேயான் காய்வதில்லை. அதே காயிலில் பருத்தியோடு அப்படி இழுத்தால் மூன்றாவது நான்காவது இழுப்பில் ருசி மெலிந்து தொண்டையில் ஒரு வறட்சி தட்டுகிறது. கெட்டி லிக்விடுக்கு ரேயான்தான் என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். ஏரிஸில் நிலைமை வேறு. குறைந்த வாட்டில், இளகின லிக்விடில், ரேயானுக்குக் காட்டுவதற்கு வேகம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. ருசியில் எனக்குப் பருத்தியே ஒரு படி மேல்.

ஈஸ்ட் ஹாமில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர், முப்பது வருடப் புகைப் பழக்கத்தை விட்டவர். "தம்பி, ரெண்டு இழுவை நல்லாக் கிடக்கு, மூண்டாவது கருகிற மணம் அடிக்குது. காயில் பிழையோ?" என்று கேட்டார். டாங்கைத் திறந்து பார்த்தோம். காயில் அருமையாகச் சுற்றியிருந்தார், என்னைவிட நேர்த்தியாக. ஆனால் பஞ்சின் இரண்டு வாலையும் கட்டை விரலால் திணித்து லிக்விட் வருகிற துளையை அடைத்திருந்தார். "ஒழுகாமல் இருக்கட்டும் எண்டுதான் தம்பி நல்லா அமத்தினனான்" என்றார். "அண்ணை, வாலைப் பாதியாக்கிப் பார்ப்போமா" என்று கேட்டு, வால்களைச் சாமண நுனியால் தலை சீவுவதுபோலக் கோதி, உதிர்ந்து வந்த இழைகளை எடுத்துப் போட்டேன். அதே பஞ்சு, அதே காயில், அதே லிக்விட். கருகல் போய்விட்டது. சீவுகிற அந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் எந்தப் பாக்கெட்டின் பின்னாலும் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

வாலின் நீளத்துக்கு என் கணக்கு இது. ஏரிஸில் டெக்கின் (காயிலைப் பொருத்துகிற மேடை) வெளி விளிம்போடு வெட்டி, சீவி, துளை வாயில் மெத்தென்று உட்கார வைக்கிறேன், திணிப்பதே இல்லை. ஜீயஸில் காற்று மேலிருந்து வருவதால் ஒழுகல் பயம் குறைவு, ஆனால் வால் லிக்விட் வருகிற குழியின் அடிவரை தொட்டே ஆக வேண்டும். பாதியில் தொங்கினால் லிக்விட் குறைந்ததும் திரி எட்டாது. போட்டு முடித்ததும் வாலையும் காயில் மேலே தெரிகிற பகுதியையும் சொட்டுச் சொட்டாக நனைத்து, டாங்கை நிரப்பிக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். காயிலைச் சிவக்கச் சுட்டுச் சரிபார்ப்பதெல்லாம் பஞ்சு போடுவதற்கு முன்னாலேயே. பஞ்சு உள்ளே இருக்கும்போது ஈரமில்லாமல் பட்டனை அழுத்தவே கூடாது.

பழைய திரியைத் தூக்கி எறியுமுன் ஒரு தாளில் விரித்துப் பாருங்கள், அது நிறையச் சொல்லும். நடுப்பகுதி முழுக்கத் தேநீர் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் திரி நன்றாக வேலை செய்திருக்கிறது, நிறம் லிக்விடில் உள்ள நிகோட்டினாலும் வாசனைச் சரக்காலும் வருவது. காயில் சுற்றின் தடம் கறுப்புக் கோடுகளாகப் பதிந்து, தொட்டால் உதிர்கிறதென்றால் லிக்விட் வந்து சேரவில்லை, வாலைக் குறையுங்கள் அல்லது ரேயானுக்கு மாறுங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் அந்தப் பக்கத்து வால் அடைத்திருக்கிறது. திரி வெளுப்பாக இருந்து காயிலில் மட்டும் கெட்டியாகக் கரி படிந்திருந்தால் குற்றம் லிக்விடில் உள்ள சுக்ரலோஸ் இனிப்பினுடையது. அதற்கு எந்தப் பஞ்சும் மருந்தில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிலிக்காக் கயிறு ஆரம்ப காலத்தில் எல்லோரும் போட்டது, கருகாது. ஆனால் அது கண்ணாடியின் இனம், இழை பிய்ந்து உள்ளே போகுமோ என்ற பயம் இருக்கிறது, இன்றைக்கு அதைப் போட ஒரு காரணமும் இல்லை. எவர்சில்வர் வலையைச் சுருட்டிச் செய்கிற திரி பொறுமைசாலிகளின் விளையாட்டு. வலையைத் தீயில் காட்டி மேலே ஆக்சைடு படலம் ஏற்றாவிட்டால் காயிலோடு ஷார்ட் ஆகும். சணல் நாரில் தொடக்கத்தில் ஒரு புல் வாடை வருகிறது, எனக்கு ஒத்துவரவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே டூட்டிங்கிலோ ஈஸ்ட் ஹாமிலோ பூஜைச் சாமான் கடைகளில் விளக்குத் திரி சல்லிசாகக் கிடைக்கிறது, அதுவும் பஞ்சுதானே என்று சிலருக்குத் தோன்றும். போடாதீர்கள். சாயம் போட்டது இருக்கிறது, நெய்யிலோ எண்ணெயிலோ முன்பே ஊறவைத்தது இருக்கிறது, கற்பூர வாசனை ஏற்றியது இருக்கிறது. எண்ணெய்ப் பசை ஆவியாக நுரையீரலுக்குள் போனால் கொழுப்பு படிந்து நிமோனியா வரலாம். விளக்குக்கு ஏற்றது விளக்குக்குத்தான்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு திரிக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. 10 கிராம் பையில் 100 திரிக்குக் குறையாமல் எடுக்கலாம். ஒரு ரெடிமேட் காயிலே இரண்டு மூன்று பவுண்டு விற்கிற ஊரில் இது ஒன்றுமே இல்லை. அதனால் பஞ்சில் மிச்சம் பிடிக்காதீர்கள், ருசி இறங்கியதும் தயங்காமல் மாற்றுங்கள். செலவெல்லாம் லிக்விடில்தான். 2026 அக்டோபர் 1 முதல் 10 மி.லி.க்கு 2.20 பவுண்டு வரி என்று இங்கே அரசு வைத்திருக்கிறது, அதன் மேல் மதிப்புக் கூட்டு வரி (VAT) வேறு. டாங்கின் கொள்ளளவு 2 மி.லி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது 2016 முதலே இருக்கிற விதி. அவ்வளவு சின்ன டாங்கில் திரி சரியில்லாமல் ஒழுகினால் கால்வாசி லிக்விட் சட்டைப் பையில்தான் போகும்.

ஊருக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019 சட்டப்படி இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே தடை, இறக்குமதிக்கு முதல் முறையே ஓராண்டு சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ வரலாம். சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

வாங்குவதென்றால் என் சொல் இது. இளகின லிக்விட், சிறு காயில் என்றால் ஜப்பானியப் பேட். அந்த உரித்து வெட்டுகிற வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் காட்டன் பேக்கன். கெட்டி லிக்விட், பெரிய காயில் என்றால் ரேயான். ரேயான் பெட்டி பெரிதாக வரும், ஒரு ஆளுக்குத் தீரவே தீராது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் ஜிப் கவரில் போட்டுச் சமையலறைக்குத் தள்ளி வையுங்கள். பஞ்சு வாடையைப் பிடித்துக்கொள்ளும், தாளிப்பு வாசனை ஏறிய திரியில் எந்த லிக்விடும் ருசிக்காது.